இராமையா கங்காணியின் கேஸ்

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில், மார்கழிக் குளிரில் ஒரு காலை, பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக்கொண்டிருந்த இராமையா கங்காணியின் மூச்சு மேலே போகாமல் கீழே விழுந்தது. மற்றவர்களின் மூச்சு வழக்கம்போலப் புகையாகக் கலைந்துபோக, அவருடையது ஈரத்துணி மாதிரி செருப்பின்மேல் கிடந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. போன வருசம் மேல் லயத்து வீடுகளில் ஒருவருக்கு இப்படித்தான் விழுந்தது. அவர் அதைத் தாண்டிப் போய்க் கவ்வாத்து வெட்டினார், மத்தியானம் செத்துப்போனார். கேஸ், வயிற்று வாயு என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்தில் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே வருவதெல்லாம் கேஸ்தான். நெஞ்சு குத்தினாலும் கேஸ், இடது கை மரத்தாலும் கேஸ், வேர்த்துக் கொட்டினாலும் கேஸ். இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்து ஓர் ஏப்பம் விட்டால் வைத்தியம் முடிந்தது. ஏப்பம் வராதவர்களைப் புதைத்தார்கள்.

அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி, ஊதினால் மாரடைப்பை முன்கூட்டியே சொல்லும் மெஷினைக் கொண்டுவந்தது. தோட்டத்துத் தொரை நாடா வெட்டினார், படம் பிடித்தார்கள், ஆளுக்கொரு பணிஸ் தின்னக் கொடுத்தார்கள். கங்காணி முதல் ஆளாக ஊதினார். மெஷின் சிவப்பாக மின்னி அலறியது. கம்பெனியோடு வந்த யசோதினி படித்த பிள்ளை. ஆபத்தை விட்டுவிட்டு மெஷின் வேலைசெய்யும் விதத்திலிருந்து ஆரம்பித்தாள். "ஐயா, உங்க மூச்சுல இருக்கிற கேஸ் சரியில்ல..."

"பாத்தீங்களாடா! மெஷினே சொல்லிருச்சு, கேஸ்தான்!" என்று கங்காணி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். இருதயம், இருதயம் என்று அவள் பின்னாலேயே ஓடியதை யார் கேட்டார்கள்? தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்கிற மனுசன், நேரே கடைக்குப் போய் இஞ்சிச் சோடா குடித்தார். மெஷினுக்குக் கேஸ் மெஷின் என்று பேர் விழுந்தது.

இருதயம் என்றதைக் கேட்டது அவர் பெண்சாதி கனகம் ஒருத்திதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுசனோடுதான் சண்டை போடுகிறாள். சண்டை போட வேறு ஆள் அவளுக்கு வேண்டாம். விழுந்த மூச்செல்லாம் லயத்து வாசலில் குவிய, கோழி அதன்மேல் ஏறி நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

"கேஸுக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி?"

கனகம் மூச்சை வாரிக் கொழுந்துச் சாக்கில் போட்டுக் கட்டி, தலையில் தூக்கி, ரோட்டுக்கு நடந்தாள். மூச்சு போன பிறகு மனுசன் மட்டும் வீட்டில் இருந்து என்ன செய்ய? கங்காணி ஒற்றைச் செருப்போடு, அவள் பரம்பரையையே திட்டியபடி, சாக்குக்குப் பின்னால் பதுளை பஸ்ஸில் ஏறினார். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கனமே போதுமாக இருந்தது. உடனே படுக்கவைத்து இருதயக் குழாய் அடைப்பை எடுத்தார்கள். கங்காணி மூச்சு மேலே போக ஊர் திரும்பி, பதுளையில் கேஸை நல்லா எடுக்கிறார்கள் என்று பெரட்டில் சொன்னார்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. பெண்கள் சாக்கோடு முன்னால் ஏறினார்கள், புருசன்மார் திட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். இந்த ஜனத்துக்குப் புரியாது என்று கம்பெனி மெஷினை எடுத்துப்போனது. பெண்களின் மூச்சு எங்கே விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. மலையில் அது கொழுந்தோடு கூடைக்குள் விழுந்தது. நிறுக்கும்போது ஈரம் என்று கணக்கப்பிள்ளை கழித்தார்.

ஒரு வருசம் கழிந்து, இந்தத் தை மாதம் கனகத்தின் மூச்சு அடுப்படியில் விழுந்தது. கங்காணி குனிந்து பார்த்தார். "கேஸா இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. அப்படியே எனக்கும் ஒரு கப்பு" என்றார், கரிசனமாகத்தான். கனகம் அவருக்குத் தேத்தண்ணி போட்டு மூடிவைத்துவிட்டு, தன் மூச்சைத் தானே வாரிக் கட்டிக்கொண்டு, நின்று நின்று ரோட்டுக்கு வந்தாள். பஸ் நின்றது. கண்டக்டர் சாக்கை வாங்கி உள்ளே வைத்தான், கதவைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மூச்சுக்காரரு எங்கக்கா?"

"நாந்தான். பெல்ல அடிங்க தம்பி."