ஒன்பதாம் நம்பர் வளையம்

விடிவதற்கு முன்பே கிரைண்டர்கள் அலறத் தொடங்கிவிட்டன. பொறி பறந்தது. இரும்புத்தூள் பல்லிடுக்கில் நறநறத்தது. எட்டு மணிக்குள் நாற்பது குழாய்கள் லாரியேற வேண்டும்.

டிசைன் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். அங்கே அவள் தம்பி, இந்தப் பட்டறையின் ஒன்பதாம் நம்பர் வெல்டர், இடுப்பிலிருந்து கழுத்துவரை வெந்து கிடந்தான். போன வாரம் ஓர் ஆலையில், நாலு மாதம் முன்பு மாட்டிய குழாய் நடுவில் வெடித்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த அவன்மேல் கொதிக்கும் உப்புக்கரைசல் கொட்டியது. அந்தக் குழாய்க்கு வரைபடம் போட்டவள் அவள்.

முதலாளி காகிதத்தோடு வந்தார்.

“வாம்மா. அவன் போட்ட வெல்டுதான் விட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கு. தம்பிகிட்ட கையெழுத்து வாங்கிக் குடு.”

“கை வெந்து கெடக்கு சார்.”

“சரி, பெருவிரல் ரேகை போதும்.”

“ரேகை ஏது? தோலோட போயிடுச்சு.”

கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அவள் பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். குழாய் செய்யும்போது அதன் நுனியில் அறுத்தெடுக்கும் துண்டு. அதில் தங்கள் நம்பரையும் குழாய் நம்பரையும் குத்தி வெல்டர்கள் வைத்துக்கொள்வார்கள். சூடான டீ கேனுக்கு அடியில் வைக்க உதவும். பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காத முதலாளிக்கு இந்த வழக்கம் தெரியாது. வெடித்த குழாயை அன்றைக்கே உருக்க அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

“வெடிச்ச குழாயோட துண்டு இது. வெளிய கருப்பு எஃகு, உள்ள வெள்ளைத் தகடு. சூட்டையும் உப்பையும் தாங்கறது உள்தகடுதான். நான் வரைஞ்சது மூணு மில்லிமீட்டர். நாலாம் நம்பர் அண்ணே, அளந்து சொல்லுங்க.”

மூத்த வெல்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளந்தார்.

“ஒண்ணு.” மறுபடி அளந்தார். “ஒண்ணுகூட முழுசா இல்ல.”

“இந்த நாப்பதும்?”

“அதே தகடுதாம்மா வந்துச்சு. நீ கொறச்சுட்டேன்னு சொன்னாங்க.”

“நானா?”

முதலாளி சிரித்தார். “எல்லாம் முதல் தரம். வேலையப் பாருங்க.”

ஏழு நாளாக மனதுக்குள் அவள் இவரை அந்தக் குழாயருகே நிறுத்தி வால்வைத் திறந்துகொண்டிருந்தாள். இப்போது, கொதிக்கும் கரைசலை விட்டுப் பார்க்கும் சோதனை மேடையில் ஒரு குழாய் தயாராக மாட்டியிருந்தது.

“முதல் தரம்தானே? பக்கத்துல நில்லுங்க சார். என் தம்பி நின்ன தூரத்துல. நானும் நிக்கறேன்.”

வால்வைத் திருகினாள். குழாய்க்குள் கரைசல் சீறியது.

புதுக் குழாய் இன்றைக்கு வெடிக்காது. உப்பு அரித்துத் தின்ன மாதங்கள் வேண்டும். அது அவளுக்குத் தெரியும், வெல்டர்களுக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியவில்லை. தூணுக்குப் பின்னால் போய்த்தான் நின்றார். முகம் வெளிறியிருந்தது. அந்த முகத்தை அவள் ஆசைதீரப் பார்த்தாள்.

“முதல் தரத்துக்கா சார் இந்த ஓட்டம்?” என்றாள் கிரைண்டர் ஓட்டும் பெரியக்கா. பட்டறையே சிரித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வெல்டர் நம்பர் குத்தாத குழாயை எந்த ஆலையும் வாங்காது. நாலாம் நம்பர் தன் நம்பரைக் குத்தும் உளியை எடுத்து, மேடைமேல் வைத்த வளையத்துக்குள் போட்டார். ணங்.

“என் நம்பர் இந்தக் குழாய்ங்க மேல விழாது.”

ஏழு. பன்னிரண்டு. மூன்று. ணங், ணங், ணங். கடைசியாக அவள், தம்பியின் ஒன்பதைப் போட்டாள்.

“எல்லாரும் வெளிய போங்கடா! அரை நாள்ல வேற ஆள் கொண்டாருவேன்!”

“கொண்டாங்க. அவங்களுக்கும் அளந்து காட்டறோம்,” என்று பெரியக்கா குழாய் அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஏறினார்கள். வேலை போகலாம், போலீஸ் வரலாம். எல்லாருக்கும் அது தெரிந்தே இருந்தது.

வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வந்து வளையத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“இத எறக்கும்போது ஆலைக்குள்ள பழைய குழாய்ப் பக்கத்துலதான் நிப்பேன். அதுவும் இதே தகடுதானா?”

“இதேதான்ண்ணே,” என்றாள் டிசைன் அக்கா.

அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் நின்றது.

சாவியை விரலில் சுழற்றியபடி உள்ளே வந்து, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க,” என்றார்.