‘அ’ தெரியாத பிள்ளை

…பதினொன்றரைக்குக் கூப்பிட்டுவிட்டால்கூடப் பன்னிரண்டே காலுக்குள் வீடு, ஒரு மணிக்குள் மகளுக்குச் சாப்பாடு, பிறகு மூன்றுக்குள் ஆறு ஃபைல், ஆறு ஃபைல் என்றால் ஆறு டாக்டர்கள், அதில் ஒருவர் எதையோ மென்றுகொண்டே பேசுவார், அப்படி என்னதான் மெல்லுவாரோ, நோயாளியின் கல்லீரலைப் பற்றிச் சொல்லும்போதுகூட வாயில் ஏதாவது இருக்கும், அவர் பேசி அனுப்பியதை நாலு தடவை ஓடவிட்டுக் கேட்டால்தான் தட்டச்சு செய்ய முடியும்… இந்த நாற்காலி வேறு. நாலு வயசுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலியில் முப்பத்தாறு வயசுக்காரி உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும் என்று இந்த ஸ்கூலில் ஒருத்தருக்கும் தோன்றாதா? எழுந்து நிற்கலாம்தான். எழுந்திருக்கத் தெம்பு வேண்டுமே. தலைமை ஆசிரியையின் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது, உள்ளே யாரோ சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், அவர்களுக்கு நேரம் இருக்கிறது. என் மடியில் ஃபார்ம். மகளை ஒரு வகுப்பு மேலே ஏற்றச் சொல்லி நானே நாலு தடவை நடந்து கேட்டு வாங்கியது, எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று, என் கையெழுத்து மட்டும் பாக்கி. இன்றுதான் கடைசி நாள்.

கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமே இல்லை, ரெண்டு வயசில் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டாள், மூன்றில் பிஸ்கட் டப்பா, மருந்துச் சீட்டு, லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் எனக்கே தெரியாது, என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தானாகவே கற்றிருக்க வேண்டும். அவள் அப்பா வாரத்தில் ஐந்து நாள் லாரியில், போன் பண்ணினால் முதல் கேள்வியே, "புரொபசர் எந்திரிச்சாச்சா?" என்றுதான். என் அக்காவுக்கு வயிற்றெரிச்சல். "நீ குடுத்து வச்சவடி. ஒரு புக்கை நீட்டினா உன் பொண்ணு பாட்டுக்கு உக்காந்துக்குது, என் வீட்டு வானரம் திரைச்சீலையில தொங்குது." உண்மைதான், புத்தகத்தை நீட்டினால் உட்கார்ந்துகொள்வாள், மேஜைக்குக் கீழே, என் கால் பக்கத்திலேயே. அங்கே ஒரு பெடல் இருக்கிறது, மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார், வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் அந்தப் பெடல்தான். அதன்மேல் சாய்ந்துவிடாதே என்று காலாலேயே மகளை மெல்லத் தள்ளிவிடுவேன், தள்ளிக்கொள்வாள், சத்தமாகப் படித்துக்கொண்டே இருப்பாள், எனக்குக் காதில் இயர்போன், நான் தலையை ஆட்டுவேன், வெரிகுட் சொல்வேன். வேறு எப்படிச் செய்வது? இந்த வகுப்பு பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடுகிறது. மேல் வகுப்பு மூன்று மணி வரை. ஃபார்மில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, பிள்ளையின் அறிவு வளர்ச்சிக்காக என்று எழுதினேன். அந்த மூன்று மணி நேரத்துக்காக என்று எழுதக் கட்டத்தில் இடமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இடம் இருந்தது. தாராளமாக இருந்தது.

கதவு திறந்தது என்று பார்த்தால் மகளின் வகுப்பு மிஸ், சின்னப் பெண், துப்பட்டாவில் பசை ஒட்டியிருந்தது. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மேல போடணும்னு கேட்டிருக்கீங்கன்னு மேடம் சொன்னாங்க. ஆனா அவளுக்கு இன்னும் ‘அ’வே வரலையே?" எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு யாரையோ சொல்றீங்க மிஸ் என்றேன். "இல்லக்கா, உங்க பொண்ணுதான். தெரியல மிஸ், தெரியல மிஸ்னுதான் சொல்லுவா. நான்தான் தினமும் கையப் பிடிச்சு எழுத வைக்கிறேன்." அப்புறம் அவளே, வாங்க காட்றேன் என்று வகுப்பு ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள், முழங்காலை ஒவ்வொன்றாக விரித்து எழுந்து போனேன், அவள் மட்டும் உள்ளே போய் என் மகளின் பின்னால் மண்டியிட்டாள்… பென்சிலை எப்படிப் பிடித்திருந்தாள் தெரியுமா, என் மகள், கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக் கையால். வீட்டில் ‘ஔ’ வரை கோணாமல் எழுதுகிறவள். மிஸ்ஸின் கை அவள் கையை மூடிக்கொண்டது, மோவாய் அவள் உச்சந்தலையில் இருந்தது, ரெண்டு பேருமாகச் சுழித்து, வளைத்து, கோடு இழுத்து… முடிந்ததும் மிஸ் அவளை முதுகோடு சேர்த்து ஒரு அணைப்பு அணைத்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளி! என்ன நடிப்பு! அம்மாவை ஊர் முன்னால் பொய்க்காரி ஆக்குகிறாயா? இரு, என்னிடம் வீடியோ இருக்கிறது.

அறைக்குள் கூப்பிட்டதும் உட்காரக்கூட இல்லை, போனை நீட்டிவிட்டேன். பாருங்க மேடம், போன வாரம் எடுத்தது, யாரும் சொல்லிக்கொடுக்காம அவளே படிக்கிறா. தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்துவைத்து எடுத்தது, எடுத்த கையோடு அக்காவுக்கு அனுப்பினேன், அக்கா ஏழெட்டு இதயம் போட்டாள், நான் முதல் பத்து வினாடி பார்த்துத் திருப்தியாகி மூடிவிட்டேன். முழுதாக எங்கே பார்க்க நேரம்? அந்த நேரத்தில் காதில் கல்லீரல் டாக்டர் இருந்தார். இப்போது மேடத்தின் மேஜைமேல் ஓடியது, சத்தம் வைத்து. மஞ்சள் பஸ் மலைமேல் ஏறியது. மஞ்சள் பஸ் பாலத்தில் நின்றது. ஒரு பிசிறு இல்லை, கணீரென்று. மேடம் புருவத்தை உயர்த்தினார், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று பக்கம் ஒழுங்காகப் போயிற்று. நாலாம் பக்கத்தில் மகள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள், அதாவது என்னை, பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்தில் குனிந்து அதே படிக்கிற குரலில், "மஞ்சள் பஸ் ஆத்துல விழுந்துடுச்சு. டிரைவர் கத்தினாரு. யாருக்கும் கேக்கல" என்றாள். அப்படி எங்கே இருக்கிறது அந்தப் புத்தகத்தில்? வீடியோவில் என் குரல், வெரிகுட்டுடா தங்கம். அவள் மறுபடி மேலே பார்த்தாள். "அம்மா எனக்கு வயிறு வலிக்குது. பஸ்ஸுக்கும் வயிறு வலிக்குது." சூப்பர், அடுத்த பக்கம் படி என்றது என் குரல். அவளும் பக்கத்தைத் திருப்பினாள். மஞ்சள் பஸ் வீட்டுக்கு வந்தது, என்று மறுபடி புத்தகத்தில் உள்ளபடியே படித்து முடித்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. அடுத்து என்ன என்று தெரிந்த பிள்ளை மாதிரி முடித்தாள்.

மேடம் போனைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார், பேனா மூடியைத் திறந்து மூடினார். "நல்லாத்தான் படிக்கிறா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், மகராசி. போன வாரம் வியாழக்கிழமை… வயிறு வலித்ததா அன்றைக்கு, நிஜமாகவே வலித்ததா, இல்லை அம்மா கேட்கிறாளா என்று தட்டிப் பார்த்தாளா? சாயங்காலம் சாப்பிட்டாளா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வியாழக்கிழமை அனுப்பிய ஃபைல்கள் ஞாபகம் வருகின்றன, யாருக்கோ பித்தப்பையில் கல், யாருக்கோ இடுப்பு எலும்பு, முன்பின் தெரியாதவர்கள் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வருகிறது, இவள் சாப்பிட்டாளா என்பது மட்டும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த மிஸ்மேல் பொறாமை. இருபத்துமூன்று வயசுப் பெண்மேல் பொறாமை. தெரியாது என்று சொன்னால் அங்கே ஒரு மடி கிடைக்கிறது, தெரியும் என்று சொன்னால் இங்கே ஒரு புத்தகம் கிடைக்கிறது. நாலரை வயசுக்கு என்ன கணக்கு! "ஃபார்ம் என்ன பண்ணலாம்? முடிவு நீங்கதான் சொல்லணும், இன்னிக்குத்தான் கடைசி" என்றார் மேடம். அஞ்சு நிமிஷம் மேடம் என்று ஃபார்மையும் அவர் நீட்டிய பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மணி அடித்து வகுப்பு விட்டிருந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு வந்தாள், கன்னத்தில் சாக்பீஸ். சும்மா கேட்பதுபோல் கேட்டேன், மேல் கிளாஸுக்குப் போறியாடா, பெரிய புக்கெல்லாம் இருக்கும், மூணு மணி வரைக்கும் இருக்கலாம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்த மிஸ் கையப் பிடிச்சு எழுத வைப்பாங்களா?" என்றாள். அங்க எல்லாருக்கும் எழுதத் தெரியும்டா, யார் கையையும் பிடிக்க வேண்டாம் என்றேன். யோசித்தாள். ஷூ நுனியால் தரையைத் தேய்த்தாள். "அப்ப எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடும்மா." மேடத்தின் அறைக் கதவு திறந்தே இருந்தது, பேனா என் கையில் இருந்தது, வீட்டில் ஆறு டாக்டர்களும் வரிசையில் நின்றார்கள், கழுத்து வலித்தது, ம் என்றேன். அவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்தாள், லிஃப்டில் ஒட்டியதைப் படிப்பாளே, அப்படி. "ம்னா சரியா, இல்ல அப்புறம் பாக்கலாமா?" என்றாள்… எத்தனை நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபடியே வாயைத் திறந்தேன், அந்த ரெண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.