பட்டம் சுமந்த ரிக்வெஸ்ட்

காலை எட்டு மணிக்குக் கோலியனூர் மல்லாட்டை மண்டியின் வாசலில் முன்னூறு பேர் ஆளுக்கொரு கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புதுச் செயலியில் ஒருவருக்கும் மூட்டை இறக்கும் டோக்கன் வரவில்லை. நிலக்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் குட்டியானை வேன்களும் விழுப்புரம் சாலைவரை நின்றன. ஒன்பது மணிக்குள் வராவிட்டால் பழையபடி காகிதச் சீட்டுதான், செயலி ஒப்பந்தமும் அதோடு சரி என்று மண்டிக்காரர் விருத்தாசலம் சொல்லிவிட்டார். செயலியை எழுதிய அமலாவின் ஆறு மாதத் தற்காலிக வேலை நிரந்தரமாவதும் இந்தத் தொடக்க விழாவை நம்பித்தான் இருந்தது.

அவளுடைய முதலாளி கோகுலகிருஷ்ணன் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர். போன ஆடியில், புதுச்சேரி ஓட்டல் ஒன்றில், மதியச் சாப்பாட்டோடு சேர்த்து முனைவர் பட்டம் பெற்றார். அந்த வாரமே பட்டம் விசிட்டிங் கார்டில் ஏறியது, காரின் பின்கண்ணாடியில் ஏறியது, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறியது. பாக்கி இருந்தது சர்வர் மட்டும். கைபேசியிலிருந்து சர்வருக்குப் போகும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் மூட்டை மாதிரி என்றும், அதன் கழுத்தில் கட்டும் சீட்டுதான் ஹெடர் என்றும், மூட்டையைப் பிரிக்காமலே சர்வர் சீட்டைப் படித்து உள்ளே விடும் என்றும், மண்டி எண்ணுக்காகத் தனியாக ஒரு சீட்டுச் செய்திருப்பதாகவும் அமலா ஒருநாள் விளக்கினாள். சீட்டை நாமே செய்துகொள்ளலாம் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

"அப்ப என் பேரும் பட்டமும் அதுல போவணும். அது இல்லாம வர்றத உள்ள உடாத."

"அத பாக்க ஆளே கெடையாதுங்க சார். சர்வர் மட்டுந்தான் படிக்கும்."

"படிக்கட்டுமே."

செய்து கொடுத்தாள். பட்டங்கள் பெருகும் என்று தெரிந்து, அவரே மாற்றிக்கொள்ள ஒரு பக்கமும் வைத்தாள். கைபேசிகள் முதலில் அங்கே பட்டத்தைக் கேட்டு வாங்கிச் சீட்டில் எழுதிக்கொண்டுதான் டோக்கன் கேட்கும். ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும், ஹெடர் தமிழ் எழுத்தைத் தாங்காது என்று இரண்டு முறை சொன்னாள்.

இப்போது மண்டிக் கணக்கறையில் மடிக்கணினியைத் திறந்து சர்வர் பதிவைப் பார்த்தாள். முன்னூறு கைபேசிகளும் முதலாளியின் பட்டம் என்ன என்று கேட்டிருந்தன. டோக்கன் கேட்டு ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'மாண்பமை முனைவர் தகவல் தொழில்நுட்பச் செம்மல் கோகுலகிருஷ்ணன்' என்று அழகான தமிழில் இருந்தது. மாற்றிய நேரம் காலை 6.10. அதை ஹெடரில் எழுத முடியாமல் ஒவ்வொரு கைபேசியும் அங்கேயே நின்றுவிட்டிருந்தது.

"சார், காலைல மாத்தினீங்களா?" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த முதலாளியைக் கேட்டாள்.

"ஃப்ளெக்ஸ்ல தமிழ்ல கீதே. அதுலயும் இருக்கணும் இல்ல?"

"எடுத்துடறேன் சார். அந்தச் செக்கிங்கையும் சேத்து."

"என் பேர எடுத்தீன்னா நாளையிலேர்ந்து ஆபீஸ் பக்கம் வராத."

ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்ற முனியம்மாள், பன்னிரண்டு மூட்டைக்காரி, எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு சார் பேஜாரு பண்ற? மல்லாட்ட என்னுது, போனு என்னுது. நடுவுல உன் பேரு இன்னாத்துக்கு?"

வெளியே சிரிப்பு எழுந்தது. அமலா முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டத்தை அழித்தாள், சர்வரில் அதைத் தேடிய நான்கு வரிகளையும் அழித்தாள், புதுப்பித்தாள். நாற்பது விநாடி ஆயிற்று. முனியம்மாளின் கைபேசி கூவியது. பிறகு பக்கத்திலிருந்தது, பிறகு புளியமரத்தடி, பிறகு சாலைவரை.

"வந்துச்சுடா! ஜல்தி வண்டிய எடு!"

விருத்தாசலம் உள்ளே வந்தார். முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவரைத் தாண்டி வந்து, "யம்மா, மறுபடி மக்கர் பண்ணா யாரக் கூப்புடறது? உன் நம்பரச் சொல்லு" என்றார் விருத்தாசலம். ஜன்னலுக்கு வெளியிலும் பத்துப் பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அமலா, நாளைக்கி… ஒம்போதுக்கே வந்துடும்மா."

முனியம்மாள் கம்பி வழியாகக் கைவிட்டு ஒரு பிடி பச்சை மல்லாட்டையை மடிக்கணினி மேலேயே கொட்டிவிட்டு வண்டியைப் பார்த்து ஓடினாள். விசைகளுக்கு இடையே செம்மண் உதிர்ந்தது. திரையில் வெறும் எண்களாக, பெயரில்லாத டோக்கன் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. அமலா ஒரு மல்லாட்டையை எடுத்துப் பல்லால் உடைத்தாள்.