மதியப் படகே கடைசி

காலையில் மேசை முன் உட்கார்ந்தபோது அவளுக்கு இருந்த பெரிய கவலை, ஒரு பல் மருத்துவரின் இணையதளத்தில் பொத்தான் பச்சையா நீலமா என்பதுதான். டாக்டருக்குப் பச்சை பிடிக்கும், டாக்டரின் மனைவிக்கு நீலம். நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தாள் வெப் டிசைனரான அவள். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்குள்ள கடைகளுக்கு வாசல் கட்டித் தர்றா" என்பாள் அம்மா. அது ஒன்றும் தப்பான பதிலில்லை.

அப்போதுதான் படகு கம்பெனி மேலாளரின் அழைப்பு வந்தது.

"புயல் திசை மாறிடுச்சும்மா. மதியப் படகுதான் கடைசி. சாயங்காலம் கிடையாது, அப்புறம் எப்பன்னு சொல்ல முடியாது. உடனே சைட்ல போடுங்க."

தீவிலிருந்து நகரத்துக்கு வர அந்தப் படகுகளை விட்டால் வேறு வழியில்லை. படகு நேரத்தைப் பார்க்க எல்லோரும் திறப்பது அவள் செய்து கொடுத்த தளத்தைத்தான். முகப்பில் திரை முழுக்க அலையடிக்கும் கடல் வீடியோ. "திறந்ததும் கடல் வந்து முகத்துல அடிக்கணும்" என்று மேலாளர் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். போனில் திறக்கத் திணறும் என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒரே ஒருமுறைதான். செய்து முடித்த பிறகு அந்தக் கடல் அவளுக்கே பிடித்துப்போய்விட்டது.

அறிவிப்பை வீடியோவுக்கு மேலே சிவப்புப் பட்டையில் போட்டாள். தன் பெரிய திரையில் திறந்து பார்த்தாள். அலைகளுக்கு மேல் பட்டை பளிச்சென்று நின்றது. சரி என்று மறுபடி பொத்தானுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். பேச்சைவிடக் காற்றின் இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டது.

"அக்கா, உன் பேஜ் தொறக்கவே மாட்டேங்குது. வெள்ளையா நிக்குது. சாயங்காலப் படகு இருக்குல்ல?"

சைட்டில் போட்டாயிற்றே என்று தங்கைக்குத் தனியாகச் சொல்லத் தோன்றவே இல்லை அவளுக்கு. தங்கை தீவில் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று தீவு நர்ஸ் சொல்லிவிட்டாள். கணவன் வேலை முடிந்து வந்ததும் இருவரும் மாலைப் படகில் வருவதாக ஏற்பாடு.

"இல்லடி! மதியத்தோட கடைசி! இப்பவே கிளம்பு. கேக்குதா?"

"என்னது? அக்கா? ஹலோ..."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணியே போகவில்லை. அனுப்பிய செய்தியும் போய்ச் சேராமல் நின்றது.

இணைய வேகத்தைக் குறைத்துப் பார்க்க பிரவுசரிலேயே ஒரு வசதி உண்டு. மோசமான சிக்னலில் பக்கம் எப்படித் திறக்கும் என்று அது காட்டிக்கொடுக்கும். இலவசம்தான். அவள்தான் இந்தத் தளத்துக்கு அதைப் பயன்படுத்தியதே இல்லை. இப்போது வேகத்தைக் குறைத்துத் திறந்தாள். வெள்ளை. வெறும் வெள்ளை. வீடியோ முழுசாக இறங்கும் வரை சிவப்புப் பட்டையும் வராது. தீவு முழுக்க இந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வீடியோவை எடுத்துவிடலாம் என்று நிர்வாகப் பக்கத்துக்குப் போனாள். ஊரே ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்ததில் அதுவும் திறக்காமல் சுற்றியது. சர்வர் கம்பெனியை அழைத்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு குரல் கொஞ்சியது. பிறகு வெறும் புல்லாங்குழல்.

கதவருகே அம்மா வந்து நின்றாள். "சின்னவ கிளம்பிட்டாளாமா?"

"அம்மா, கொஞ்சம் வாய மூடிட்டு இரேன்!"

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அந்த இடத்தைவிட்டு மட்டும் நகரவில்லை.

டிசைனர்கள் கூடும் இணையக் குழு ஒன்று இருந்தது. காசில்லாத எழுத்துருக்கள், ஐகான்கள், நிறப் பொருத்தம் பார்க்கும் கருவிகள் என்று அங்கே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். மற்ற நேரமெல்லாம் வாடிக்கையாளர்களைத் திட்டுவார்கள். அங்கே போய் எழுத்துப் பிழைகளோடு கதறினாள். 'கொசுவத்தி' என்ற பெயரில் உலவும் ஒரு ஆளிடமிருந்து பதில் வந்தது. எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

"நிர்வாகப் பக்கத்தோட மல்லுக்கட்டாதீங்க. யாராவது தளத்தைத் திறந்தா சர்வர் முதல்ல தேடுற ஃபைல் ஒன்னு இருக்குமே, அந்தப் பேர்ல வெறும் எழுத்து மட்டும் வச்சு ஒரு பக்கம் செஞ்சு நேரா சர்வர்ல போட்டுடுங்க. பழசு பின்னால கிடக்கட்டும். பாஸ்வேர்ட் இருக்கா?"

இல்லை. போன மாதம்தான் படகு கம்பெனி சர்வரை மாற்றியிருந்தது. புதுக் கடவுச்சொல் டிக்கெட் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. அங்கே அழைத்தாள். எடுத்த குமாஸ்தாவுக்குப் பின்னால் ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது.

"சொல்றேன், எழுதிக்குங்க. எஸ்..."

"பெரிய எஸ்ஸா, சின்ன எஸ்ஸா?"

"எஸ்ஸுல என்னங்க பெருசு சின்னது? இங்க கண்ணாடியையே உடைக்கிறாங்க!"

"அண்ணே, உங்க கால்ல விழறேன். உயரமா இருக்கா, குட்டையா இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க."

இரண்டு முறை தப்பாகப் போனது. மூன்றாவது முறை சர்வரின் கதவு திறந்தது.

வாழ்க்கையில் அவள் செய்த பக்கங்களிலேயே அசிங்கமானது அதுதான். வெள்ளையில் கறுப்பு எழுத்து. "மதியப் படகே கடைசி. மாலைப் படகு இல்லை. உடனே துறைக்கு வாருங்கள்." கீழே ஒரு தொலைபேசி எண். மெதுவான வேகத்தில் வைத்துத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

கொசுவத்திக்கு நன்றி சொல்லக்கூட நிற்காமல் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

துறையில் குடையால் ஒரு பயனும் இல்லை. காற்று அதை மல்லாக்கப் புரட்டிப்போட்டது. தூரத்தில் படகு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒருவழியாகக் கரை சேர்ந்ததும் பெட்டிகளோடும் கோழிக்கூண்டுகளோடும் ஜனங்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"காலையிலேருந்து அந்தப் பேஜ் தொறக்கவே இல்ல" என்று ஒரு பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். "திடீர்னு தொறந்துச்சு. போட்டது போட்டபடி ஓடி வந்தோம்."

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "ஒரு புள்ளத்தாச்சிய பாத்தீங்களா? கூட வீட்டுக்காரர் இருப்பாரு. கண்ணாடி போட்டிருப்பாரு."

"பாக்கலையேம்மா."

கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அவள் படகோட்டியிடம் போனாள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை. என் தங்கச்சி அங்க நிக்கிறா."

அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார். "நிக்கிறவங்க நிறையப் பேரும்மா. இப்ப நான் போனா, என்கூட வர்ற ஆளுங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?" குரலில் கோபம் இல்லை. அதனால் அவளால் சண்டை போடவும் முடியவில்லை.

அதன்பின் புயல் அடித்து ஓயும் வரை தீவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மா சோற்றைப் பிசைவாள், அப்படியே எடுத்துக் கொட்டுவாள். "ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது. மின்சாரம் வரும்போதெல்லாம் அந்தக் கறுப்பு எழுத்துப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். அது உடனே திறக்கும். திறந்து என்ன செய்ய?

கடல் அடங்கியதும் மேலாளர் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பலபேர் தப்பித்தார்கள் என்று ஊரே பேசுகிறதாம். "சரிம்மா, இனி நம்ம கடலைத் திரும்பப் போட்டுடலாமில்ல?"

"போட முடியாது சார்."

"அப்ப நான் வேற ஆள பாத்துக்கிறேன்."

"பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

முதல் படகில் தங்கையை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். புயலுக்கு நடுவே, தீவு நர்ஸ் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பிரசவம் பார்த்திருக்கிறாள். பையன். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். பெரிய ஆஸ்பத்திரியில் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தங்கையின் கணவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

தங்கை முதல் நாள் அவளிடம் பேசவில்லை. மறுநாள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"தொறந்துச்சு. நான் இல்லன்னு சொல்லல. தொறந்ததும் அவருக்குச் சொல்லியனுப்பி, வண்டி கிடைக்காம, மழையில நடந்தே போனோம். நாங்க போய் நிக்கிறப்போ படகு கிளம்பிடுச்சு. பின்பக்கம் தெரிஞ்சுது. கத்தினேன்."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீடியோ வேணாம்னு நான் சண்டை போட்டிருக்கணும்டி. போடல. அழகா இருந்துச்சுன்னு விட்டுட்டேன்."

தங்கை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று இவளும் எதிர்பார்க்கவில்லை.

வாசலில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "குழந்தையைப் பாக்க ஒரு ஆள் வரலாம்."

தங்கையால் எழுந்திருக்க முடியாது. அவள் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

"நீ போ" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்தே. "வேற ஒன்னும் சொல்ல வேணாம். மூச்சு விடுறானான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்தான். சிவந்த, சுருங்கிய, கோபக்கார முகம். நெஞ்சு மேலே வந்தது, இறங்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. அவளுக்கும் மூச்சு நின்றது. மறுபடி மேலே வந்தது.

"நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல" என்றாள் நர்ஸ். "அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

அவள் கேட்கவில்லை. போகச் சொல்லும்வரை அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது தங்கை இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுறான்டி" என்றாள் அவள்.