ஜெர்மனிச் சட்டத்தை நம்பினேன்

என் வீட்டுக்காரர் தளவாய் ஜெர்மனியில் வம்பில் மாட்டியது ஒரு பாட்டால். அந்தப் பாட்டை அனுப்பச் சொன்னது நான்தான்.

கல்யாணமாகிச் சில மாசத்திலேயே அவரை அங்கே அனுப்பிவிட்டார்கள். ஒரகடத்தில் அவர் வேலை பார்க்கும் கார் பாகக் கம்பெனிக்குத் தலைமையிடம் ஜெர்மனியில். புது மெஷின் ஓட்டிப் பழக ஒரு வருஷம், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு வருஷம் என்றார்கள். பெண்டாட்டியைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து, ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டில் ஒற்றை அறை பிடித்து, அவர் ஷிப்டும் என் கம்பெனி ஷிப்டும் இடிக்காத நாளில் மட்டும் முகம் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள். அந்தக் கொஞ்ச நேரத்தையும் பிடுங்கிக்கொண்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க மெஷின் லைன்ல ரேடியோ போடுதாவ கனி. தெனமும் ஒரு பாட்டு வருது. அதக் கேட்டாலே ஒன் நெனப்புதான்," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில்.

"எனக்கும் அனுப்புங்க அத்தான். நீங்க கேக்குத பாட்ட நானும் கேக்கேன்."

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மெமரி கார்டை ஒரகடம் கூட்ரோட்டில் இருக்கும் வசந்தகுமாரின் செல்போன் கடையில் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் பாட்டெல்லாம் ஏறியிருக்கும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டால் புளூடூத்தில் அனுப்பிவிடுவேன். யார் வீட்டுப் பாட்டு என்று எவரும் கேட்டதில்லை. அதே பழக்கத்தில் அவர் கம்பெனி கொடுத்த வீட்டில், கம்பெனி இன்டர்நெட்டில், ஓசியில் பாட்டு இறக்கும் டோரன்டைப் போட்டு அந்த ஆல்பத்தை முழுசாக இறக்கியிருக்கிறார். இறங்கி முடிந்ததும் அணைக்காவிட்டால் அது மற்றவர்களுக்கும் பாட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்; அவர் அணைக்கவில்லை. நாம் எடுத்தோம், அடுத்தவனும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்படியே ஓடவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். தாராள மனசு.

கொஞ்ச நாளில் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அங்கே பாட்டுக் கம்பெனிக்காரர்கள் இதைக் கண்காணிக்கவே ஆள் வைத்திருக்கிறார்களாம். எந்த இன்டர்நெட் லைனிலிருந்து பாட்டு வெளியே போகிறது என்று பார்த்து, அந்த லைன் யார் பேரில் இருக்கிறது என்று கோர்ட் மூலம் வாங்கி, நேராக அவர்களுக்கே நோட்டீஸ் விடுவார்களாம்.

"எடுத்தத விட, குடுத்ததுதான் பெரிய தப்பாம்," என்றார். போனில் ரகசியம்போலப் பேசினார். "ஹெச்.ஆர்.ல விசாரிச்சாவ. பாட்டையும் அழிச்சாச்சு. ஊருக்கே அனுப்புனாலும் அனுப்பிருவாவன்னு கூட இருக்கவன் சொல்லுதான்."

"ஐயோ!" என்றேன். வாய்தான் சொன்னது. மனசு துள்ளியது.

மறுநாளே ஒரகடம் கூட்ரோட்டுக்குப் போய் வசந்தகுமாரிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.

"இன்னாக்கா, பாட்டு எறக்குனதுக்கா கேசு? இங்கயும் சட்டம் கீது. எப்பனா ஒருவாட்டி போலீஸ் வரும், என் கம்ப்யூட்டர தூக்கினு பூடும். ஏத்திக் குடுக்கறவனத்தான் புடிப்பாங்க, வூட்ல குந்திகினு கேக்கறவங்கள எவன் கேக்கறான்? நான் மறுவாரமே கட தொறந்துருவேன்."

"உன் கதைய விடு. அவர அனுப்பிருவாங்களா, அதச் சொல்லு."

"அந்த ஊரு ரொம்ப ஸ்ட்ரிக்டுக்கா. கண்டிப்பா அனுப்பிடுவான்."

அவன் வாயில் சர்க்கரை போடலாம்போல் இருந்தது.

உள்ளூர்ச் சட்டத்தையே நம்பாத நான் ஜெர்மனிச் சட்டத்தை நம்பினேன். அது கறாராக இருக்க வேண்டும், ஈவு இரக்கம் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் கைலிகளைத் துவைத்து மடித்தேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பகல் ஷிப்டு வாங்கினேன். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் என்ன பேசினாலும் சரி, இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"கனி, பிரச்சினை முடிஞ்சிட்டு. இனிமே செய்யமாட்டேன்னு கையெழுத்து, அப்புறம் அபராதம். அம்புட்டுதான் இங்கத்த சட்டம். கம்பெனியும் கோவப்படல. மேல ரெண்டு வருசம் நீட்டிக் குடுத்துட்டாவ."

அவ்வளவு பெரிய நாட்டுச் சட்டம், ஒரு ஆளைத் திருப்பி அனுப்பத் துப்பில்லை.

"நல்லது அத்தான்," என்றேன்.

"என்னட்டி, சந்தோசமா சொல்ல மாட்டேங்கே?"

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "உங்கள அனுப்பிருவாவன்னு நெனச்சேன் அத்தான். அனுப்பணும்னு சாமி கும்பிட்டேன்," என்று சொல்லி, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி அழுதேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

"நான் பெட்டியே கட்டிட்டேன் கனி," என்றார். "இன்னும் பிரிக்கல."