இடப்பக்கம் சாய்ந்த தடங்கள்

ஜியாவுல்லாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலை இருந்தது. அவரிடம் தோல் வாங்கிச் சீமைக்கு அனுப்பும் துரைமார், வேலூருக்கு வெளியே ஒரு புல்வெளியில் கோல்ஃப் ஆடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் மழை ஓய்ந்ததும் அவரையும் ஆட அழைத்தார்கள். துணைக்கு மனைவி ரஃபத் ஜஹானின் தம்பி அப்துல் ஹமீதைக் கூட்டிப்போனார். ஹமீத் பின்னால் நின்று, பந்து விழவேண்டிய குழியில் நட்ட கொடியைக் குறிபார்த்து, அவர் காலடியில் ஒரு பிரம்பைக் கிடத்துவான். அதற்கு ஒப்ப நின்று அவர் அடிப்பார்.

அன்று ஓர் அடியும் உருப்படவில்லை. பந்து நேராகக் கிளம்பி, வழியில் வலப்பக்கம் வளைந்து முட்புதரில் விழுந்தது. வலப்பக்கம் போகிறதே என்று அவர் மட்டையை இன்னும் இடப்பக்கமாக இழுத்து வீசினார். பந்து முன்னைவிட வளைந்தது. துரைமார் சிரிப்பை அடக்குவதைக் கண்டதும் ஆத்திரம் பொங்கிவிட்டது.

"இன்னாடா, கோணலா காட்டுறே? என் சோத்த தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

ஹமீத் மட்டைப் பையைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினான்.

மட்டை பெயர்த்த புல்கட்டியை அங்கேயே பதித்துவிட்டுப் போவது ஆட்டத்தின் மரியாதை. அதற்காக ஜியாவுல்லா குனிந்தார். ஈரமண்ணில் மட்டை பட்ட தடம் கத்தியால் கீறியதுபோலத் தெரிந்தது. ஹமீத் வைத்த பிரம்பு கொடியை நேராகப் பார்த்துக் கிடக்க, தடம் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. திரும்பிப்போய் முந்தைய தடங்களையும் பார்த்தார். எல்லாம் அதே சாய்வு. மட்டை வெளிப்பக்கத்திலிருந்து அவர் உடம்புப் பக்கமாகக் குறுக்காக வெட்டியிருக்கிறது. செங்குத்தாக இறங்கி ஆழமாகவும் தோண்டியிருக்கிறது. அந்தக் குறுக்குவெட்டுத்தான் பந்தைச் சுழற்றி வலப்பக்கம் தள்ளியது. கோணல் அவர் வீச்சில். அவரால் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஹமீத் வீட்டுக்குப் போனார். "தப்பு என்னுதுதான் ஹமீத். மாஃப் பண்ணிடு."

"அத்தினி பேர் முன்னாடி திட்டினீங்க பாய். மாஃப் மட்டும் வீட்டுக்குள்ள வந்து கேக்குறீங்களே."

மறுவாரம் அக்காவின் பேச்சைத் தட்டமுடியாமல் ஹமீத் வந்தான். ஆட்டம் தொடங்குமுன் ஜியாவுல்லா தமக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் துரைமாரிடம் சொன்னார்: இவன் காட்டியது சரி, என் வீச்சுதான் கோணல், இவனைப் பழித்தது அநியாயம். ஒரு துரை சும்மா தலையாட்டினார். இன்னொருவருக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை.

"போதும் பாய், அடிங்க," என்றான் ஹமீத், கொடியைப் பார்த்தபடி.

அதற்குப்பின் அவன் புல்வெளிப்பக்கம் வரவில்லை. கூப்பிட ஜியாவுல்லாவுக்கு நா எழவில்லை.