ஒட்டகத்தில் வந்த மீன்கள்

வேணி தண்ணீரை அளாவிக்கொண்டே வந்தாள். வண்டியின் பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டி, முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பியிருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கில் மீன்குஞ்சுகள். குறுக்கே போட்ட பலகையில் அவள். கையை உள்ளே விட்டால், விரல் நீளம்கூட இல்லாத உயிர்கள் உள்ளங்கையைக் கூச வைத்துவிட்டு நழுவின.

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. காரியாபட்டி தாண்டியதிலிருந்தே அவளுக்குக் கண் சொக்கியது. கீழே தரை தெரியவில்லை. கருவேலமரத் தலைகள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. வண்டி உருளுகிறதா, மிதக்கிறதா?

உயரம் அப்படி. அவள் புருஷன் பாலமணிகண்டன் ஸ்பிரிங் பட்டைகளோடு கட்டை வைத்து, பெரிய டயர் மாட்டி, பிக்கப்பை ஒரு முழம் உசத்தியிருந்தான். கண்மாய்ப் பாதை சேறு, அதற்காகத்தான் என்பான். ஊர் நம்பவில்லை. வண்டிக்கு ஒட்டகம் என்று பேர் வைத்துவிட்டது. சேலையோடு அவள் ஏறி இறங்க, கனமான வேப்ப மரத்தில் ஒரு முக்காலி செய்து சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

வறண்டு கிடந்த கண்மாய் இந்த வருஷம்தான் நிறைந்திருந்தது. ஊர்க்காரர்களிடம் பேசி, மீன் வளர்க்கச் சம்மதம் வாங்கியது வேணி. "தறிக்காரப் பொண்ணு மீனு வளக்கப் போறாளாம்" என்று சிரித்தவர்கள் எல்லாம் இன்றைக்குக் கரையில் நிற்பார்கள். குஞ்சு உயிரோடு போய்ச் சேர வேண்டும். பண்ணைக்காரர் ஏற்றிவிடும்போதே சொல்லியிருந்தார்: "வண்டி ஓடுனா தண்ணி அலம்பும். அலம்புற வரைக்கும்தான் குஞ்சுக்கு மூச்சு. எங்கயும் நிப்பாட்டிராதீக."

எம்.ரெட்டியபட்டி தாண்டி மண்பாதையில் இறங்கியதும் ஒரு பள்ளம். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பின் வண்டி, தூக்கத்தில் எழுந்து நடப்பவனைப் போல, மெதுவாகப் பாதையை விட்டு விலகி ஒரு புஞ்சைக்குள் போய் நின்றது. குபீரென்று கொத்தமல்லி வாசம்.

"என்னங்க, எதுக்குப் புஞ்சைக்குள்ள எறக்குனீக?"

"நான் எங்க எறக்குனேன்? அதுவா எறங்குச்சு. இங்க பாரு." மணிகண்டன் ஸ்டியரிங்கை ஒரு விரலால் தட்டினான். அது தன்பாட்டுக்குச் சுற்றியது. "உங்க வீட்டு ராட்டை கணக்கா சுத்துது."

வண்டிக்கு அடியில் நுழைய ஜாக்கி தேவைப்படவில்லை. குனிந்து போனவன் முகம் தொங்கி வெளியே வந்தான். "ஸ்டியரிங்குல இருந்து சக்கரத்துக்குப் போற ராடு, முனையில ஒடிஞ்சு தொங்குது. வண்டிய ஒசத்துனா ராடு சாஞ்சு நிக்கும், தாங்காது, அதையும் மாத்துன்னு பட்டறைக்காரரு அன்னைக்கே சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"பாத்துக்கலாம்னேன்."

"இப்பப் பாத்துக்கங்க."

பட்டறைக்காரருக்குப் போன் போட்டான். மத்தியானத்துக்கு மேலேதான் வர முடியுமாம். அதற்குள் தொட்டியில் தண்ணீர் அசைவில்லாமல் கண்ணாடியாகிவிட்டது. ஒரு குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. பிறகு பத்து. பிறகு தண்ணீர் முழுக்கக் குட்டி வாய்கள். வேணி இரண்டு கையையும் விட்டு அடித்து அலம்பினாள். தோள் வலித்தது.

பனிக்குள்ளிருந்து களைவெட்டிகளோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் முருகேஸ்வரி. புஞ்சை அவளுடையது.

"ஏத்தா, எம் மல்லிக்குள்ள தேரைக் கொண்டாந்து நிறுத்திட்டு, நீ பாட்டுக்கு அம்மன் கணக்கா மேல ஒக்காந்திருக்க! எறங்கு கீழ!"

"எறங்க முடியாதுக்கா. கைய எடுத்தா இதுக செத்துரும். ஏறிப் பாருங்க."

முருகேஸ்வரி டயரில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தாள். கோபம் அவள் வாயிலேயே நின்றுபோனது. "அட, எம்புட்டு கண்ணு! என்னையவே பாக்குதே!"

வேணிக்குச் சட்டென்று தேர் என்ற சொல் பிடிபட்டது.

"ஏங்க, தேருக்கு ஏது ஸ்டியரிங்கு?"

மணிகண்டன் விழித்தான். பிறகு சிரித்தான். தெரு முக்கில் தேரைத் திருப்ப, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். கட்டை தடுக்கிய பக்கமாகத் தேர் திரும்பும்.

"கட்டைக்கு எங்க போக?" என்றவனின் கண் முக்காலியில் போய் நின்றது. வேணியும் பார்த்தாள். "ஒடைங்க" என்றாள்.

களைவெட்டியை வைத்து அடித்து முக்காலியின் பலகையை இரண்டாகப் பிளந்தான். புஞ்சை ஓரம் கிடந்த இரண்டு நீளக் கம்புகளின் நுனியில் ஆளுக்கொன்றாகக் கயிறு போட்டு இறுக்கினான். சக்கரத்துக்குள் கை போகாமல் தள்ளி நின்றே கட்டை போடலாம்.

"ஆம்பளைக போடுற கட்டையாச்சே" என்றாள் ஒருத்தி.

"இது மீனு தேருடி. பிடி" என்று முருகேஸ்வரி இடது பக்கம் போய் நின்றாள்.

மணிகண்டன் முதல் கியரில் ஊர்ந்தான். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பிரேக்கும் கிளச்சும் மட்டுமே அவன் பொறுப்பு. பனி கொஞ்சம் மெலிந்திருந்தது. மேலிருந்து வேணிக்குப் புதர்களைத் தாண்டிப் பாதை முழுக்கத் தெரிந்தது. அலம்பிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"எடது... எடது... போதும்! வலது கட்ட!"

"சாமி ஆடி அசைஞ்சுதான் வரும் போல" என்று கீழே சிரிப்பு. யாரோ குலவை போட்டார்கள். குலவை பனிக்குள் போய்த் திரும்பி வந்தது. கட்டையில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் வண்டி குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் அலம்பியது. மேலே வந்த வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே மறைந்தன. வேணி கையை எடுத்துக்கொண்டாள். அவள் வேலையை வண்டியே செய்தது. தூங்கிவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது அவளுக்கு.

கண்மாய்க் கரையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பெண்கள் கட்டை போட, வேணி வழி சொல்ல, ஓட்டுபவன் கைகட்டி வர, ஒட்டகம் அவர்களைக் கடந்து சரிவில் இறங்கி நேராகத் தண்ணீருக்குள் நடந்தது. உசத்திய வண்டி. டயர் பாதி முங்கியும் எஞ்சினுக்குள் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

மணிகண்டன் குதித்து வந்து பக்கக் கதவைத் தட்டித் திறந்தான். தார்ப்பாய் சரிந்தது. தொட்டி மொத்தமும் வெள்ளிப் பாளமாகக் கண்மாய்க்குள் கொட்டியது. பலகை நழுவ, வேணியும் அதோடு வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் தொப்பென்று விழுந்தாள்.

"அய்யய்யோ, முக்காலி இல்லையே!" என்று ஓடி வந்தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தவளைச் சுற்றிக் குஞ்சுகள் கொஞ்ச நேரம் வட்டமிட்டன. பிறகு திசைக்கொன்றாய்க் கலைந்து ஆழத்துக்குப் போயின.

"நாளைக்கே வண்டிய எறக்கிப்புடுறேன் வேணி."

"எறக்க வேணாம்." தலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்து அவன் மேல் எறிந்தாள். "ராடை மாத்துங்க. முக்காலி ஒண்ணு செய்யுங்க."